நீலாயதாட்சி வீட்டுக் குழம்பு

"இன்னைக்கு எங்க வூட்ல கத்திரிக்கா போட்ட புளிக்கொழம்பு. கத்திரிக்கா கொல்லையில காய்ச்சது இல்ல, வெலைக்கு வாங்குனது. மேலத்தெரு தண்ணி டேங்குக்குப் பின்னாடி நல்ல பாம்பு ஒண்ணு சட்டை உரிச்சுப் போட்டுருக்கு. சட்டைதான் கெடக்கு, ஆளக் காணும். புள்ளைங்கள அந்தப் பக்கம் பந்து பொறுக்க வுடாதீங்க. புடிச்சதும் சொல்றேன்."

கைப்பேசியின் மேல் அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரலை நீலாயதாட்சி எடுக்கிறார். மாவு படாமலிருக்கப் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரிலிருக்கும் நெம்புகோலைத் தூக்குகிறார். பெல்ட் ஒருமுறை இழுத்து, திணறி, ஓடத் தொடங்குகிறது. வரிசையில் நிற்கும் பெண்கள் அதுவரை அடக்கி வைத்திருந்த பேச்சைக் கத்திப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

சுரக்குடியில் மாவு மில் ஓடும்வரை ஊரில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். நடுப்பகலில் திடீரென்று நின்றுபோனால், கரண்ட் போய்விட்டதா என்று மின்விசிறியைப் பார்ப்பார்கள். விசிறி சுற்றினால் போனை எடுப்பார்கள். மில்லை நிறுத்தாமல் நீலாக்காவால் பேச முடியாது. நிறுத்தினால் ஏதோ சேதி இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர். காலையில் அரிசியும் கேழ்வரகும், மத்தியானத்துக்கு மேல்தான் மிளகாயும் மல்லியும் என்பது மில்லின் சட்டம். அதனால் பகல் பொழுது முழுக்க அக்காவின் புருவம் நரைத்திருக்கும். சாயங்காலம் முகம் கழுவியதும் கறுத்துவிடும். எந்திரத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் பெருத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவரிடம் ரகசியம் சொன்னால்கூட எதிர்த்த வீட்டில் சிரிப்பார்கள். மிளகாய் அரைத்த நாளில் அந்தக் குரலுக்கு ஒரு கரகரப்பு வரும். "மொளவாக் கொரலு. கெட்ட சேதிக்குத் தோதா இருக்கும்" என்பார்.

வாட்ஸ்அப்பில் 'சுரக்குடி சேதி' என்ற குழு அவருடையது. சுரக்குடியோடு சுற்றிலும் இருக்கும் சிற்றூர்களும் அதில் உண்டு. யாரும் எதையும் போட முடியாது; அக்கா மட்டும் பேசலாம். எழுத மாட்டார், படம் போட மாட்டார், வந்ததை அப்படியே தள்ளிவிடவும் மாட்டார். எல்லாம் சொந்தக் குரல்தான். மின்தடை, சாவு, வளைகாப்பு, முறை வைத்துத் தண்ணீர் திறப்பது, காணாமல் போன ஆடு. ஆடு என்றால் அடையாளத்தோடு குணமும் சேர்த்துச் சொல்வார். "கழுத்துல செவப்புக் கயிறு. கூப்புட்டா வராது. பிஸ்கட்டக் காமிச்சா வரும், பிஸ்கட்டத் தின்னுட்டு மறுபடி ஓடிரும். கதவச் சாத்திட்டுக் குடுங்க."

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தச் செய்தி ஊருக்குப் போனதும் இதே குரலில்தான். மின்தடைக்கும் ஆட்டுக்கும் நடுவில் வந்தது. "இன்னைக்கு எங்க வூட்ல மோர்க்கொழம்பு. நம்ம செக்கடித் தெருப் புள்ள ஒண்ணு டிகிரி முடிச்சிருக்கு. அவுங்க வூட்ல மொத டிகிரி. பாக்குறவங்க ஒரு வார்த்த சொல்லுங்க, காசா பணமா." என் அப்பா அதை வயலில் வைத்து, வாய்க்காலில் வைத்து, டீக்கடையில் வைத்து ஊரே கேட்கப் போட்டார். இன்றும் எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு வைத்தால் அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அரசாங்க அறிவிப்பும் அவர் வாயில் புகுந்துதான் ஊருக்குள் வரும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து ஒருமுறை அனுப்பியிருந்தார்கள்: தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். மில்லை நிறுத்தினார். "கீழத்தெருவுல கூரை வூட்டுக்காரங்க எல்லாம் இருட்டுறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க. ரேஷன் கார்டு, மாத்தர, போன் சார்ஜரு எடுத்துக்குங்க. ஆட்டக் கட்டிப் போட்டுட்டுப் போவாதீங்க, அவுத்து வுடுங்க, அதுக்கு நீந்தத் தெரியும். பெருசுங்க யாராச்சும் வரமாட்டேன்னா எனக்குச் சொல்லுங்க, நான் வந்து திட்டுறேன்." அலுவலகத்தில் அதைக் கேட்டவர்கள், அடுத்த முறை சுற்றறிக்கை எழுதும்போது அக்காவிடமே போனில் கேட்டார்கள், எப்படிச் சொன்னால் ஆட்கள் கிளம்புவார்கள் என்று.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். முதலாவது, கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். பாம்புச் சட்டையானாலும் சரி, உடைந்த பாலமானாலும் சரி, பழைய டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வார். சாவுக்கும் அதே விதி. ஒரு நாள் காலையில் யாரோ போன் செய்து, மேலத்தெரு நீலகண்டன் போய்விட்டார் என்றார்கள். அக்கா போனபோது நீலகண்டன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சேதி சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லீங்க மாமா."

"சொல்லிட்டுப் போயேன். எவன் எவன் வர்றான்னு பாப்பம்."

"நீங்க போனதும் சொல்றேன் மாமா. டீ ஆறுது, குடிங்க."

போனது வேறு ஊர் நீலகண்டன். அந்தப் பேச்சு மேலத்தெருவில் இன்னும் சுற்றுகிறது.

இரண்டாவது பிடிவாதம், தொடங்கியதை முடிப்பது. பாம்பு இருக்கிறது என்று சொன்னால், பாம்பு போய்விட்டது என்றும் சொல்லியாக வேண்டும். "ஊர பயமுறுத்தி வுட்டுட்டு நான் பாட்டுக்கு மாவு அரச்சுகிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? பயத்தத் திருப்பி வாங்கிக்கணும்ல." அப்படி அவர் திருப்பி வாங்காத எச்சரிக்கை ஊரில் ஒன்றுமில்லை. டேங்குக்குப் பின்னால் சட்டையைப் போட்டுவிட்டுப் போன பாம்பு, மறுநாள் முருங்கைக்காய் சாம்பாரோடு சேர்ந்து பிடிபட்டது.

சரி, குழம்பு எதற்கு?

அதற்குப் பின்னால் ஒரு வருத்தம் இருக்கிறது. மூன்று மழைக்காலங்களுக்கு முன்பு, அய்யனார் கோயில் பக்கம் திருநள்ளாறு போகும் குறுக்குச் சாலையில் சின்னப் பாலம் ஒன்று உட்கார்ந்துவிட்டது. அக்கா போய்ப் பார்த்து, அந்த வழியில் போகாதீர்கள் என்று சொன்னார். சீக்கிரமே புதுப்பாலம் போட்டார்கள். அதையும் சொன்னார். முடிந்தது என்றுதான் நினைத்தார்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. நம்மூர்ச் செம்பியன் பிரான்சில் இருக்கிறார். காரைக்காலில் பலத்த மழை என்று அங்கே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த வழியில்தான் போவார்களே என்ற பதைப்பு. போனைத் தேடினால் நீலாக்காவின் குரல் கிடைத்தது: "அய்யனார் கோயில் பாலம் உக்காந்துடுச்சு, யாரும் போவாதீங்க." முந்தின வருடத்துப் பாலம் அது. தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். அக்காவின் குரல் கடல் தாண்டிப் போய்விட்டுச் சுரக்குடிக்கே திரும்பி வந்தது.

அன்று காலைதான் பெட்டிக்கடை மீரா சாகிபுக்கு நெஞ்சு வலி. அவர் மனைவி ஆஸியா பீவி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோக்காரர் போனில் அந்தக் குரல் வந்தது. நீலாக்கா சொன்னால் மறுபேச்சு உண்டா? வண்டியைத் திருப்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். பாலம் நன்றாகத்தான் இருந்தது. மீரா சாகிப் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸியா பீவி நேரே மில்லுக்கு வந்தார்.

"ஒங்கொரலக் கேட்டுத்தான் திரும்புனோம், நீலா."

"அது போன வருசம் சொன்னது லாத்தா."

மூத்த சகோதரியை லாத்தா என்பது ஆஸியா பீவி வீட்டு வழக்கம். நீலாக்கா அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"போன வருசமோ இந்த வருசமோ, கொரலு ஒன்னுதுதானே? இவுக மார்பப் புடிச்சிக்கிட்டுக் கெடக்காக, நான் சேத்துல சுத்திக்கிட்டுக் கெடக்கேன். அல்லா காப்பாத்துனான். நீயா காப்பாத்துன?"

நீலாக்கா அன்றே செம்பியனைப் போனில் பிடித்தார். "நீ அஞ்ச குளுருல போத்திக்கிட்டு ஒக்காந்துகிட்டு, இஞ்ச போட்ட பாலத்த மறுபடி ஒடச்சுட்டியே தம்பி!" செம்பியன் அழுதுவிட்டாராம். "பயமா இருந்துச்சுக்கா. அதான் அனுப்புனேன்." அவரையும் என்ன சொல்ல முடியும்?

அதைவிடப் பெரிய சேதம் அடுத்த வாரம் நடந்தது. காற்று வீசியதில் வயலோரம் மின்கம்பி அறுந்து விழுந்தது. அக்கா பார்த்துவிட்டு உடனே சொன்னார். நீலகண்டன் அதைக் கேட்டிருக்கிறார். "இது எந்த வருசத்துக் காத்தோ" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்து விட்டார். நல்ல கறவை மாடு. வரப்பிலேயே விழுந்தது.

நீலகண்டன் சண்டைக்கு வரவில்லை. மில் வாசலில் வந்து நின்றார். "ஒம்மேல தப்பில்லம்மா. கொரலு ஒன்னுதுதான்னு தெரிஞ்சுது. இன்னைக்குச் சொன்னதான்னுதான் தெரியாமப் போச்சு." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் மில் நிற்காமல் ஓடியது. கரண்ட் கட்டானாலும் முன்கூட்டிச் சேதி இல்லை. சாவுக்குக்கூட ஆள் விட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தேதி சேர்த்துச் சொல்லேன் என்றார் கணவர் சிவநாதன். அக்கா சொன்னார்: "தேதிய யாரு காதுல வாங்குறா? எனக்கே இன்னைக்கு என்னா தேதின்னு தெரியாது. கொரல நம்பணும். நம்பலன்னா நான் எதுக்கு?" சுரக்குடிக்கு அக்காவின் குரல் தேவையாக இருந்தது. அந்தக் குரலை நம்பலாமா என்பதுதான் ஊருக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை.

வழி தற்செயலாகத்தான் வந்தது. பள்ளிக்கூடம் பக்கம் வெறிநாய் ஒன்று திரிந்தது. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்கா மில்லை நிறுத்திப் போனை அழுத்திப் பேசத் தொடங்கும்போது, வரிசையில் நின்ற ஒரு பெண் வழக்கம்போலக் கேட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டால் முதலில் கேட்பது அதுதான்.

"என்னா கொழம்பு நீலா?"

"நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. செத்த இரு, பேசிக்கறேன். பள்ளிக்கூடத்துகிட்ட வெறிநாயி சுத்துது..."

அழிக்க மறந்துவிட்டார். குழம்போடு சேர்ந்தே போய்விட்டது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, தெருவில் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். ஆம்பிளைகள் கம்போடு கிளம்பினார்கள். ஒருவர்கூட, இது பழசு என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? காலையிலிருந்து அக்கா வீட்டுக் கருவாட்டு வாசம் தெருவைப் புரட்டிக்கொண்டிருந்ததே.

அன்றிலிருந்து எந்தச் சேதிக்கும் முன்னால் குழம்பு. காலையில் முதல் சேதியில் அக்கா சொல்லிவிட்டால், மத்தியானத்துக்குள் ஊருக்கே மனப்பாடம். அதற்குப் பிறகு வேறு குழம்போடு ஒரு குரல் வந்தால் அது பழைய குரல்; தூக்கி எறி. வம்புக்காரர் ஒருவர் கேட்டார்: "புளிக்கொழம்பு போன வருசமும் வச்சிருப்பியேம்மா?" அதனால்தான் கத்திரிக்காய் கொல்லையில் காய்த்ததா விலைக்கு வாங்கியதா என்பதும் சேர்ந்தது. சுட வைத்ததைச் சுட வைத்தது என்றே சொல்வார். "நேத்து கொழம்புதான். சுட வச்சது. மீனு கரைஞ்சு போச்சு. நாளைக்குக் காலைலேருந்து கரண்டு இருக்காது."

இதில் அதிகம் அடிபட்டவர் சிவநாதன்தான். திருநள்ளாற்றில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவில்கூட உடன் வேலை செய்பவர்கள் விட மாட்டார்கள். "என்னங்க, மூணு நாளா ரசந்தானாமே. வூட்ல சண்டையா?" அவர் ஒருநாள் கெஞ்சிப் பார்த்தார்: "ரசம் வக்கிற அன்னைக்கு மட்டுமாச்சும் சாம்பாருன்னு சொல்லேன்." அக்கா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. பிரான்சிலிருந்து செம்பியனும் இப்போதெல்லாம் எதையும் அனுப்புவதற்கு முன் போன் செய்து கேட்கிறார்: "அக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

இந்தக் குழம்புக்குச் சோதனை போன வருடம் வந்தது.

புயல் கரையைக் கடக்கவில்லை. ஆனால் மழையை விட்டுவிட்டுப் போனது. விடிந்தும் விடியாத நேரத்தில் அக்காவின் மாமனார் கருப்பையன் இறந்துபோனார். நெடுநாள் படுக்கையில் இருந்தவர்தான். கொட்டுகிற மழையில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உடலைக் கூடத்தில் கிடத்தி விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது நீலகண்டனிடமிருந்து போன்.

"பெரிய வாய்க்கா கரையில கசியுதும்மா. அரச மரத்துக்குக் கெழக்கால. மண்ணு கரைஞ்சு வருது. போச்சுன்னா கீழத்தெரு முழுக்கப் போயிடும். ஒங்க வூட்டுல இப்புடி ஆயிருக்கும்போது சொல்றனேன்னு... வேற யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா எழுந்தார். வண்டிச் சாவியைத் தேடினார். சிவநாதனின் அத்தை முறையுள்ள ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

"மாமனாரக் கெடத்தி வச்சிட்டு மருமவ எங்க கெளம்பிட்டா?"

"கரையப் பாக்க."

"வேற ஆளே இல்லியா ஊருல? எடுக்கறவரைக்கும் ஒக்கார முடியாதா ஒனக்கு?"

"மாமா எங்கயும் போவப் போறதில்ல அத்தை. தண்ணி வந்துடும்."

போய்ப் பார்த்தார். நீலகண்டன் சொன்னது உண்மை. கரையின் அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கலங்கலாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திரும்பி வீட்டு வாசலுக்கு வந்து, ஈரத்தோடு, போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் திரும்பி அடுப்படியைப் பார்த்தார்.

அடுப்பு எரியவில்லை. சாவு வீட்டில் எப்படி எரியும்? குழம்பு இல்லாத குரலை நம்ப வேண்டாம் என்று ஊருக்குப் பழக்கியவர் அவர்தான். முந்தின வருடங்களில் கரையைப் பற்றி அவர் பேசிய குரல்கள் எத்தனை போன்களில் கிடக்கின்றனவோ. கீழத்தெருக்காரர்கள் இந்த மழையில் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால்?

சிவநாதன் பக்கத்தில் வந்தார். அழுது வீங்கிய முகம். ஆனாலும் விஷயம் புரிந்திருந்தது.

"ரசம்னு சொல்லிட்டு வுடு நீலா. யாரு வந்து பாக்கப் போறா?"

"அடுப்புல ரசம் இருக்கா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"ஒரு நாளு இல்லாத ரசத்த இருக்குன்னு சொல்லிட்டன்னா, அப்புறம் இருக்குற தண்ணிய இருக்குன்னு சொன்னா எவன் நம்புவான்?"

போனை அழுத்தினார். அந்தக் குரல் என்னிடம் இன்னும் இருக்கிறது. மழைச் சத்தம், உள்ளே யாரோ விசும்புவது, அதற்கு மேலே அக்கா.

"இன்னைக்கு எங்க வூட்ல அடுப்பு எரியல. எங்க மாமா காலைல போயிட்டாங்க. பெரிய வாய்க்கா கரை அரச மரத்துகிட்ட ஓட்ட வுழுந்திருக்கு. இப்பதான் பாத்துட்டு வந்து நிக்கிறேன். கீழத்தெரு ஆளுங்க புள்ளைங்களயும் பெருசுங்களயும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுங்க. மம்பட்டி இருக்கறவங்க கரைக்கு வாங்க. சாக்கு எங்க மில்லுல இருக்கு, கதவு தொறந்துதான் கெடக்கு, எடுத்துக்குங்க. எங்க வூட்டுக்கு அப்புறம் வரலாம்."

கருப்பையன் இறந்தது அதுவரை சொந்தக்காரர்களுக்கும் நீலகண்டன் போல ஓரிருவருக்கும் மட்டுமே தெரியும். ஊர் அதைக் கேட்டது இந்தக் குரலில்தான். அடுப்பு எரியவில்லை என்ற வார்த்தை எந்த வருடத்துக்கும் பொருந்தாது. அன்றைக்கு மட்டும்தான் பொருந்தும். அதன் பிறகு கரையைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வரும்? நான் மம்பட்டியோடு போய்ச் சேர்ந்தபோது அரச மரத்தடியில் நிற்க இடமில்லை. மேலத்தெரு, கீழத்தெரு, செக்கடித் தெரு என்ற பேதமெல்லாம் சேற்றில் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. மாவு படிந்த சாக்குகளில் மண்ணை அள்ளிக் கட்டினோம். மழையில் மாவு கரைந்து எல்லார் கையும் பசை பிடித்தது. நீலகண்டன் கரைமேல் குடை பிடித்து நின்றுகொண்டு, இருக்கிற எல்லோரையும் திட்டினார். "பொண்டாட்டி தூக்கி வுடணுமா? இறுக்கிக் கட்டுடா!" மதியத்துக்குள் ஓட்டை அடைபட்டது. கீழத்தெருவுக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

பிறகு அத்தனை பேரும் அப்படியே அக்கா வீட்டுக்கு வந்தார்கள். முழங்கால்வரை சேறு. கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்டவர்களிடம் சிவநாதன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். காலையில் கரையைத் தூக்கி நிறுத்திய அதே தோள்கள்தான் கருப்பையன் பாடையையும் தூக்கின. தெரு முழுக்கச் சேற்றுக் கால்தடம். சுரக்குடியில் அத்தனை பேர் போன ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. சாவி தேடியபோது வாய்விட்டுக் கேட்ட அந்த அத்தை வாசலில் நின்று, தெருக்கோடி வரைக்கும் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கண்ணனுக்கு இவ்வளவு ஆளா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

சாயங்காலம் மழை விட்டது. அக்கா குளித்துவிட்டு, ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, வண்டியை எடுத்துக் கரைக்குப் போய் வந்தார். இந்த முறை யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அடைத்த இடத்தில் கசிவில்லை. ஊரைப் பயமுறுத்தியதைத் திருப்பி வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கீழத்தெருக்காரர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

வாசலில் ஆஸியா பீவி நின்றிருந்தார். தலையில் முக்காடு, கையில் துணி சுற்றிய பெரிய பாத்திரம். பின்னால் மீரா சாகிப், சோற்றுக் குண்டானைப் பிடித்துக்கொண்டு. பாலத்து விஷயத்துக்குப் பிறகு மில்லுக்கு மிளகாய் கொண்டுவருவாரே தவிர, நீலாக்காவிடம் ஆஸியா பீவி முன்போல் பேசுவதில்லை. இப்போதும் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. எல்லாருக்கும் வரும், குறைச்சல் இல்ல. சைவந்தான். பருப்பாணம்."

குழம்பை அவர்கள் வீட்டில் ஆணம் என்பார்கள்.

"நீங்க எதுக்கு லாத்தா இந்தச் சேத்துல..."

"கொரலக் கேட்டேன். அடுப்பு எரியலன்னியே." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "கேட்ட ஒடனே இவுகளத்தான் மொதல்ல மம்பட்டியோட அனுப்பி வச்சேன். நெஞ்சு வலிக்காரரு, மண்ணு அள்ளாதீங்க, சாக்க மட்டும் புடிங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

மீரா சாகிப் சிரித்தார். அவர் வேட்டியில் மாவும் மண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தன.

நீலாக்கா பாத்திரத்தை வாங்கித் திண்ணையில் வைத்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. கரை சரியாகிவிட்டது, வீட்டுக்குத் திரும்பலாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதும் இப்போது இருந்தது.

"பருப்பாணந்தான் நீலா, சொல்லு" என்றார் ஆஸியா பீவி.

நீலாக்கா போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். துணியை அவிழ்த்து மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. குனிந்து உள்ளே பார்த்தார். மூடியை வைத்துவிட்டு, பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.